ஆற்றில் கிடக்கும் எரிமலை

என் கைப்பேசிக்கு வரும் படங்களில் பாதி, கல் படங்கள். ஆற்றில் குளிக்கப் போன இடத்தில் எடுத்தவர், வீட்டுக்கு இறக்கிய மணலில் பொறுக்கியவர், பேத்தியின் பள்ளிக் கண்காட்சிக்குத் தேடியவர் எனப் பலரும் அனுப்புகிறார்கள். கறுப்பாய், வழவழவென்று, கைக்கு அடக்கமான ஒரு கல். கூடவே, "சார், இது விண்கல்லா, எரிமலைக் கல்லா?" என்ற கேள்வி. நான் திருப்பிக் கேட்பது எப்போதும் இதைத்தான்: எந்த ஆறு? எந்த ஊருக்குப் பக்கத்தில் எடுத்தீர்கள்? உடைத்துப் பார்த்தீர்களா?

படத்தை வைத்துக் கல்லைச் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. எந்தக் கல்லும் நனைந்தால் கறுத்துத் தெரியும். நெடுநாள் ஆற்றில் கிடந்தால் மாங்கனீசும் இரும்பும் கலந்த மெல்லிய கரும்படலம் வேறு மேலே படிந்துவிடும். அந்தப் படலத்துக்குள் மணற்கல் இருக்கலாம், குவார்ட்சைட் இருக்கலாம், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டும் இருக்கலாம். எல்லாக் கல்லுக்கும் ஆறு ஒரே சட்டையை மாட்டிவிடுகிறது.

நான் சென்னையில் நிலவியல் படித்தவன். எங்களுக்குக் கறுப்புக் கல் என்றால் பல்லாவரத்துச் சார்னோகைட். பரங்கிமலைப் பக்கம் அதைத் தட்டித் தட்டித்தான் சுத்தியல் பிடிக்கப் பழகினோம். எழுபதுகளின் கடைசியில் வேலை கிடைத்துப் புனேக்குப் போனபோது முதலில் கண்ணை உறுத்தியது, ஆறுகளில் வெள்ளை மணல் இல்லாததுதான். காவிரியிலும் பாலாற்றிலும் பார்த்துப் பழகிய பளபளப்பான மணலை பீமாவின் கிளையாறுகளில் காணோம். படுகை முழுக்கக் கரும்பாறை. அதன் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் கரடான மணல்.

நம் ஊர்ப் பாறைகளில் குவார்ட்ஸ் ஏராளம். மற்ற கனிமங்கள் சிதைந்து களிமண்ணானாலும் குவார்ட்ஸ் மட்டும் மணலாக மிஞ்சும். பசால்ட்டில் சிலிக்கா 45 முதல் 52 சதவீதம் வரை இருந்தாலும், அநேகமாக அத்தனையும் ஃபெல்ஸ்பாரிலும் பைராக்சீனிலும் அடங்கிவிடும். தனியாகக் குவார்ட்ஸ் ஆவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால், பசால்ட் பூமியில் ஓடும் ஆற்றை ஒரு கல்லைக்கூடத் தொடாமல், ஒரு பிடி மணலை அள்ளியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். புதிதாக வருகிற மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த மணலைத்தான்.

மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி, அதைச் சுற்றியுள்ள குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம், தெலங்கானாவின் பகுதிகள் என்று இன்றைக்கும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இந்தப் பாறை பரந்து கிடக்கிறது. நிலத்தில் விழுந்த நீண்ட வெடிப்புகள் வழியே குழம்பு பொங்கி, தண்ணீர் பரவுவதுபோல் பரவி உறைந்து, அதன்மேல் அடுத்த குழம்பு வந்து, இப்படியே அடுக்கடுக்காக ஏறிய பாறை இது. கோதாவரி, கிருஷ்ணா, பீமா எல்லாம் பிறப்பதே இந்த அடுக்குகளின் உச்சியில்தான். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தெடுத்ததும் இதே கல்லில்.

அந்தக் கல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் முகாமில் உதவியாளாக இருந்த ஒரு பெரியவர். கல்லுடைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். அவரை நாங்கள் எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். கல்லை எடுத்ததும் நான் லென்ஸைத் தேடினால், "முதல்ல தட்டுங்க சாகேப், சத்தம் வந்த பிறகு பாக்கலாம்" என்பார். ஆற்றுக்கல்லை இன்னொரு கல்லின்மேல் நிறுத்தி, விளிம்பில் லேசாக ஒரு தட்டு. குழம்பின் நடுப்பகுதியில் நிதானமாக உறைந்த கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளுக்குள் சிதையத் தொடங்கியிருந்தால் சத்தம் செத்துப்போய் வரும். அப்படிச் சிதைந்து உதிரும் பாறைக்கு அங்கே 'முரும்' என்று பெயர். சாலை போட, அடித்தளம் நிரப்ப அதைத்தான் வெட்டிக்கொண்டு போவார்கள். ஒப்பந்தக்காரர் முதல் கூலியாள் வரை முருமைத் தெரியாதவர் மராட்டிய நாட்டில் கிடையாது.

தட்டியாயிற்று, இனி உடைக்கலாம். விளிம்பில் ஓங்கி ஒரே அடி. உடைந்த முகத்தின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் தடிமனுக்குத் துருநிறத் தோல் இருக்கும். பாறையிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருப்பிடித்த இடம் அது. அதற்கு உள்ளே பார்த்தால் கல் கறுப்பாகவே இருக்காது. கருஞ்சாம்பல், சில சமயம் லேசான நீலம் ஓடிய சாம்பல். வெறும் கண்ணுக்குத் துகள் எதுவும் பிரிந்து தெரியாது. பத்து மடங்கு லென்ஸில் வெயில் படும்படி திருப்பினால், ஃபெல்ஸ்பாரின் மெல்லிய ஊசிகள் அங்கங்கே மினுக்கும். சில குழம்புகளில் மட்டும் அந்த ஃபெல்ஸ்பார் விரல் நீளத்துக்கு வளர்ந்திருக்கும். அப்படிப்பட்ட கல் ஆற்றில் கிடைத்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அதையே பிடித்துக்கொண்டு மேலே ஏறிப்போகலாம்.

உடைத்த உடனே பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. சில பசால்ட்டுகளில் புதிதாக உடைந்த முகத்தில் பாசிப்பச்சை நிறத்தில் புள்ளிகள் தெரியும். குளோரோஃபியைட் என்ற பொருள் அது. காற்றுப் பட்டால் நிற்காது. காலையில் பச்சையாக இருந்த புள்ளி மதியச் சாப்பாட்டுக்குள் கறுத்துவிடும். முகாமுக்குக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கலாம் என்று பையில் போட்டவருக்கு அது கிடைக்காது. கல்லைக் கண்ட இடத்திலேயே உடைத்து, அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஆறு இந்தப் பாறையை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நிகோஜுக்குப் போகலாம். அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்தில் குகடி ஆற்றின் ஓரம் உள்ள ஊர். அங்கே பசால்ட் படுகை முழுக்கக் குழிகள். முழங்கால் ஆழம் முதல் ஆள் ஆழத்துக்கும் மேலே வரை, சுவர் வழுவழுப்பாக, அடுத்தடுத்து. வெள்ளக் காலத்தில் சுழலுக்குள் அகப்பட்ட கற்கள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குடைந்தவை. கோடையில் தண்ணீர் வற்றியதும் குழிக்குள் இறங்கினால், குடைந்த கற்கள் அடியில் அப்படியே கிடக்கும். ஒரு குழியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் துடைத்துப் பார்த்தால் போதும், பசால்ட்டைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்ததற்குச் சமம்.

நான் அப்படி எடுத்த கற்களில் சிலவற்றின் மேல் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளங்கள் இருந்தன. சிலவற்றில் அதே இடத்தில் வெள்ளைக் குமிழ்கள் புடைத்து நின்றன. இரண்டும் ஒரே கதைதான். குழம்பு உறையும்போது அதிலிருந்த வாயு மேலே ஏறப் பார்த்து, வெளியேற முடியாமல் குமிழாக மாட்டிக்கொள்ளும். பின்னால் பாறை இடுக்குகளில் ஊறிய நீர் அந்தத் துளைகளைக் கனிமங்களால் நிரப்பும். கால்சைட்டோ, ஸ்டில்பைட் போன்ற ஜியோலைட்டோ நிரம்பியிருந்தால், அவை பசால்ட்டைவிட மென்மை. ஆற்றில் உருளும்போது முதலில் தேய்ந்து பள்ளமாகும். அகேட் நிரம்பியிருந்தால் அது பசால்ட்டைவிடக் கடினம். சுற்றியுள்ள கல் தேயத் தேய, அது மேடாக நிற்கும். பள்ளத்தின் உட்சுவரில் நீலப்பச்சையாக ஒரு தோல் ஒட்டியிருந்தால் அது செலடோனைட். துளைக்குள் ஒரு காலத்தில் நீர் ஊறிக் கனிமம் படிந்தது என்பதற்கு அந்தத் தோல் சாட்சி.

அகேட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீட்டு வாசல் வரை வருகிறது. பசால்ட் மழையிலும் வெயிலிலும் கரைந்து கரிசல் மண்ணாகிவிடும். அதன் துளைகளில் பிறந்த அகேட் கரையாது. எனவே ஆறு நீள நீள, கூழாங்கற்களில் பசால்ட்டின் பங்கு குறையும், அகேட்டின் பங்கு கூடும். குஜராத்தில் நர்மதைக் கரைக்குப் பக்கத்தில் ரத்தன்பூர் என்று ஓர் இடம். பழங்காலத்து ஆறுகள் பசால்ட்டிலிருந்து அரித்துக் கொட்டிய அகேட் சரளை அங்கே நிலத்துக்கடியில் அடுக்காக இருக்கிறது. அதைத் தோண்டி, வெயிலில் உலர்த்தி, பானையில் வைத்துச் சுட்டால், கல்லிலுள்ள இரும்பு சிவந்து சூதுபவளம் ஆகும். காம்பாத்தில் இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலிலும் வைகைக் கரைக் கீழடியிலும் அகழாய்வில் கிடைத்தவற்றில் சூதுபவள மணிகளும் உண்டு. அந்த மூலக்கல் குஜராத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர் பலருடைய கருத்து. அந்த மணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும்போதெல்லாம், எரிமலைக் குழம்புக்குள் அடைபட்ட ஒரு வாயுக்குமிழில் தொடங்கிய பொருள் அது என்ற நினைப்பில் எனக்கு உடல் சிலிர்க்கும்.

வேலையில் நான் கண்ட பெரிய மாற்றம் எண்பதுகளில் வந்தது. அதற்கு முன்பு குழம்பு அடுக்குகளைக் கண்ணால் பார்த்தே பிரித்து வரைபடம் போட்டோம். இரண்டு குழம்புகளுக்கு இடையே வரும் சிவப்பு மண் அடுக்கு, மேல்பகுதியில் குமிழ்த் துளைகள், அடிப்பகுதியில் குழாய்போல் நின்ற துளைகள், இவைதான் எங்களுக்குப் பிடி. ஒரு தாலுகாவில் ஒருவர் எண்ணியதும் பக்கத்துத் தாலுகாவில் இன்னொருவர் எண்ணியதும் எல்லையில் பொருந்தாது. அணைக்கட்டு வேலை என்றால் அந்தச் சிவப்பு மண் அடுக்கு எங்கே போகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும், அது பலவீனமான இடம் என்பதால்.

அந்தச் சமயத்தில் கே.வி. சுப்பாராவ், கீத் காக்ஸ், பீட்டர் ஹூப்பர், ஜான் மஹோனி போன்றவர்கள் மலைச்சரிவுகளில் அடிமுதல் முடிவரை கல் எடுத்து, டைட்டானியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம் எவ்வளவு என்று அளந்து, அடுக்குகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்தார்கள். ஜவ்ஹர், இகத்புரி, கண்டாலா, புஷே, அம்பேனளி, மகாபலேஷ்வர் என்று ஊர்ப் பெயர்களே தொகுதிகளின் பெயர்களாயின. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்த இரண்டு கறுப்புக் கற்கள் வேதியியலில் வெவ்வேறு வம்சம் என்று தெரிந்தது. புஷே குழம்பு மேலே வரும் வழியில் பழைய பூமியோட்டைக் கரைத்துக்கொண்டு வந்தது. அம்பேனளி அநேகமாக எதையும் தொடாமல் வந்தது. எங்கள் மூத்தவர்களில் சிலர் இதை ஏற்கத் தயங்கினார்கள். சோதனைச்சாலையில் கல்லைப் பொடியாக்கி மலையைப் பிரிப்பதா என்று கேட்டார்கள். வேதியியல் சொன்னது சரி என்பதே என் முடிவு. ஆனால் அந்தப் பொடிக்குரிய கல்லைச் சரிவில் எந்த உயரத்தில், எந்த அடுக்கின் நடுவில் எடுப்பது என்று தீர்மானித்தது சுத்தியல் பிடித்த கைதான். இன்றைக்கு வருகிற பிள்ளைகள் கருவியை நன்றாக ஓட்டுகிறார்கள். கல்லை உடைக்கத் தயங்குகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம்.

வயதிலும் இப்படித்தான். எங்கள் காலத்தில் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் வந்த வயதுகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னும் பின்னுமாகச் சிதறிக் கிடக்கும். முறைகள் செம்மைப்பட்ட பிறகு, குழம்பின் பெரும்பகுதி சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பத்து லட்சம் ஆண்டு அளவிலான குறுகிய காலத்தில் கொட்டித் தீர்ந்தது என்று தெளிவாயிற்று. டைனோசர்கள் அழிந்த காலமும் அதுதான்.

காந்தத்தையும் விட்டுவிடக் கூடாது. சின்னக் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பசால்ட் அருகே கொண்டுபோனால் லேசாகச் சாயும். உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடு துகள்கள் காரணம். அந்தத் துகள்கள் குழம்பு குளிரும்போது அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதிந்துகொள்ளும். 1950களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிளெக் குழுவினர் தக்காணக் கற்களை அளந்து, அவை உறைந்தபோது இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்று காட்டினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்பதை உலகம் நம்பாத நாட்களில் கிடைத்த சாட்சிகளில் இதுவும் ஒன்று.

காந்தம் சாய்வதற்கும் 'டக்'கென்று ஒட்டிக்கொள்வதற்கும் வித்தியாசம் உண்டு. கோலாப்பூர்ப் பக்கம் வார்ப்படத் தொழிற்சாலைகள் நிறைய. அந்தப் பக்கத்து ஆறுகளில் விண்கல் கிடைத்தது என்று கொண்டுவருவார்கள். காந்தம் பாய்ந்து ஒட்டும், உடைத்தால் கண்ணாடிபோல் பளபளக்கும், நடுவே துருப்பிடித்த இரும்பு மணிகள் இருக்கும். உலைக்கசடு. விண்கல்லில் குமிழ்த் துளைகள் இருப்பது மிகமிக அரிது. மேல்தோல் மெல்லிய உருகிய படலமாக இருக்கும். துளையுள்ள கல்லை விண்கல் என்று யாராவது விலை பேசினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

1993 செப்டம்பர் 30 விடியற்காலை. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு ஊர்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் பூமி குலுங்கியது. கிட்டத்தட்ட 10,000 பேர் இறந்தார்கள். நான் அங்கே போனபோது பார்த்தது முழுக்க நான் நேசித்த அதே கல். வயலிலும் ஓடையிலும் கிடைத்த பசால்ட்டைச் சேற்று மண்ணில் வைத்து, முழ அகலத்துக்கும் மேல் சுவர் எழுப்பியிருந்தார்கள். பசால்ட் சிதையும்போது வெங்காயம் உரிவதுபோல் உரிந்து நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது. குலுங்கியதும் சுவரின் இரண்டு முகமும் இரண்டு பக்கம் சரிந்திருந்தன. அந்தச் சுவர்களுக்கு நடுவே குறுக்காக நீளக்கல் வைத்துக் கட்டியிருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். பின்னர் அங்கே ஆழ்துளை போட்டதில் 338 மீட்டர் ஆழம் வரை பசால்ட், அதற்குக் கீழே பழைய கிரானைட் வகைப் பாறை. நிலநடுக்கம் பிறந்தது அந்தப் பழைய பாறையில்.

தமிழ்நாட்டுப் படங்களுக்கு வருகிறேன். காவிரியில் கிடைக்கும் கறுப்புக் கல் சார்னோகைட்டாக இருக்கலாம். உடைத்தால் துகள்கள் பெரிதாகத் தெரியும், குவார்ட்ஸ் எண்ணெய் பூசியதுபோல் நீலம் கலந்து மினுங்கும். ஆம்பிபோலைட்டாக இருக்கலாம். அல்லது டோலரைட். தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டிவனம் பக்கம் பழம்பாறையைப் பிளந்துகொண்டு சுவர்போல் ஓடும் கல் அது. கடையில் 'பிளாக் கிரானைட்' என்று விற்பதில் பெரும்பங்கு இந்த வகைதான். கலவையில் டோலரைட் பசால்ட்டுக்கு உடன்பிறப்பு. ஆனால் நிலத்துக்கு மேலே வராமல் பிளவுக்குள்ளேயே மெதுவாக உறைந்ததால் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்திருக்கும். கோவில்பட்டிக் கரிசல் மண்ணைக் காட்டி, "அப்படியானால் இங்கேயும் எரிமலைப் பாறை இருக்க வேண்டுமே" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. நம் கரிசலுக்குக் கீழே இருப்பது நைஸ் பாறை. தட்பவெப்பமும் சுண்ணாம்புச் சத்தும் நீர் வடியாத நிலமும் சேர்ந்தால் அந்தப் பாறையிலிருந்தும் கரிசல் உருவாகும். மண்ணை வைத்துப் பாறையைச் சொல்லிவிட முடியாது.

கல்லைச் சொல்ல மேலாற்றைப் பார் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் கோதாவரியைவிட நல்ல பாடம் இல்லை. நாசிக்கில் எந்தக் கல்லை எடுத்தாலும் பசால்ட் அல்லது அதன் துளையில் பிறந்தது. நாந்தேடு தாண்டித் தெலங்கானாவை நெருங்கும்போது கிரானைட் கற்கள் கலக்கத் தொடங்கும். பிராணஹிதா சேர்ந்த பிறகு மணற்கல்லும் மற்றவையும் வந்துவிடும். இந்த மாற்றத்தைப் படுகையில் நடந்தே பார்த்திருக்கிறேன். இப்போது சில இடங்களில் அந்தக் கூழாங்கல் திட்டுகளே இல்லை. கிரஷருக்குப் போய்விட்டன.

கடைசியில் ராஜமுந்திரி. மேற்கு மலைத்தொடரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளி, ஆற்றின் கிழக்கே காத்தேரு, மேற்கே பங்கிடி என்று இரு கரையிலும் மீண்டும் பசால்ட் அடுக்குகள், நடுவே சிப்பி, நத்தைப் படிவங்களோடு ஒரு சுண்ணாம்பு அடுக்கு. நெடுநாள் இவை அந்த இடத்திலேயே பொங்கிய தனிக் குழம்பு என்று நினைத்தவர்கள் உண்டு. வேதியியலில் பார்த்தால் கீழடுக்கு அம்பேனளியோடும் மேலடுக்கு மகாபலேஷ்வரோடும் பொருந்துகிறது. காந்தத் திசையும் அதேபோல் கீழே தலைகீழாகவும் மேலே இன்றுபோலவும் இருக்கிறது. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே குழம்பே மேற்கிலிருந்து கிழக்குக் கடல் வரை ஓடிவந்தது என்பது இன்று வலுவாக நிற்கும் விளக்கம். உலகில் தெரிந்த குழம்பு ஓட்டங்களில் மிக நீளமானவற்றில் ஒன்று. அதனால், ராஜமுந்திரியிலிருந்து யாராவது கறுப்புக் கல் படம் அனுப்பினால், எந்தக் கரை, குவாரிக்குப் பக்கமா, கல் உருண்டையா கூர்முனையா என்று இன்னும் மூன்று கேள்வி சேர்த்துக் கேட்பேன். கூர்முனையாக இருந்தால் அது பக்கத்துக் கரையிலிருந்து உடைந்து விழுந்த கல்.